மாஸ்க்க ஒட்டாதீங்க, கொஞ்சம் தூக்கி வைங்க: ஸ்பிட்ஃபயர் காமோவுக்கு மெல்லிய ஓரம் வர வைக்கிறது எப்படி

ஸ்கேல் மாடல் கட்ட ஆரம்பிச்சு கையில ஒரு ஏர்பிரஷ்ஷும் (காத்தால பெயின்ட்ட தூவற பேனா மாதிரி கருவி) வந்துட்டா அடுத்து மனசு போறது காமோ பெயின்ட் பக்கம்தான், அதாவது எதிரி கண்ணுல படாம இருக்க அடிக்கிற கலர், அதுலயும் நிறைய பேருக்கு ரெண்டாம் உலகப் போர்ல பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயர். மேல ரெண்டே கலர், வளைஞ்சு நெளிஞ்சு போற பட்டைங்க, பாத்தா சுலபமாதான் தெரியும். ஆனா அடிச்சு முடிச்சதும் கலர் சரியா இருக்கும், பட்டையோட வடிவமும் சரியா இருக்கும், அப்பவும் அது விமானம் மாதிரி இல்லாம பொம்மை மாதிரி நிக்கும். எங்க இடிக்குதுன்னு தேடினா பெரும்பாலும் ரெண்டு கலரும் சந்திக்கிற அந்த ஓரத்துலதான் இருக்கும். பாக்குறது பெரிய விமானமா சின்ன பிளாஸ்டிக்கான்னு கண்ணுக்குச் சொல்றதே அந்த ஓரம்தான்னு நான் உறுதியா நம்புறேன், அதனால அத மட்டும் நிதானமா சொல்றேன்.

பேச்சுக்கு ஒரு மாடல எடுத்துக்கலாம், 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 9, அதாவது நிஜ விமானத்துல 48ல ஒரு பங்கு அளவு. 1940ல பிரிட்டன் மேல நடந்த சண்டையில ஸ்பிட்ஃபயருக்கு மேல டார்க் எர்த்னு ஒரு மண் கலரும் டார்க் கிரீனும் இருந்துச்சு, கீழ இருந்த நிலத்தோட கலந்து தெரியட்டும்னு. அப்புறம் சண்டை இங்கிலீஷ் கால்வாய தாண்டி, கடலுக்கு மேல, உயரத்துல நடக்க ஆரம்பிச்சப்போ மண் கலர் எடுபடல. அதனால 1941 ஆகஸ்ட்ல டே ஃபைட்டர் ஸ்கீம்னு புதுசா கொண்டு வந்தாங்க, மண் கலருக்கு பதிலா ஓஷன் க்ரே, கூட அதே டார்க் கிரீன், அடியில மீடியம் ஸீ க்ரே. ஆரம்பத்துல ஓஷன் க்ரே போதுமான அளவு கிடைக்காம மீடியம் ஸீ க்ரே ஏழு பங்குக்கு கறுப்பு ஒரு பங்கு கலந்து அடிச்ச விமானங்களும் இருக்கு. 1942ல வந்த மார்க் 9 பெரும்பாலும் இந்த ஸ்கீம்தான். டமியாங்கிற பெயின்ட் கம்பெனியில இதுக்குன்னே எக்ஸ்எஃப்-81 டார்க் கிரீன், எக்ஸ்எஃப்-82 ஓஷன் க்ரே, எக்ஸ்எஃப்-83 மீடியம் ஸீ க்ரேன்னு மூணு பாட்டில் வருது, மிஸ்டர் கலர்ங்கிற இன்னொரு பிராண்டுல 361, 362, 363. கலர் தேடி அலைய வேண்டியதில்ல, மிச்சம் இருக்கிற வேலை எல்லாம் ஓரம்தான்.

இப்ப ஒரு சின்ன கணக்கு. நிஜ விமானத்துல பச்சையும் சாம்பலும் சந்திக்கிற இடத்துல ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒண்ணு இன்னொண்ணுல கரையுதுன்னு வச்சுக்குவோம். அத 1/48 மாடல்ல கொண்டு வந்தா அரை மில்லிமீட்டர். 1/72ல வெறும் 0.35 மில்லிமீட்டர், 1/32ல 0.8 மில்லிமீட்டர். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. 1/72 மாடல்ல நம்ம ஓரம் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு மங்கலா இருக்குன்னா நிஜத்துல அது 21 சென்டிமீட்டருக்கு மேல, அதாவது எட்டு அங்குலத்துக்கும் அதிகமா கரைஞ்சு போற ஓரம். அப்படி ஒரு ஸ்பிட்ஃபயர் போட்டோவ நான் பாத்ததில்ல. மெல்லிய ஓரம்னு சொல்றோமே தவிர அது எவ்ளோ மெல்லிசா இருக்கணும்னு ஸ்கேல்தான் சொல்லணும், அந்த அளவு நாம நினைக்கிறத விட ரொம்பச் சின்னது.

அந்த அளவ எப்படி கொண்டு வர்றது? மாஸ்க்னா பெயின்ட் படக்கூடாத இடத்த மூடற மறைப்பு. அதுக்கு மாஸ்கிங் டேப்ப அப்படியே ஒட்டி அடிச்சா ஓரம் கத்தி வச்சு வெட்டின மாதிரி வரும், அதோட டேப் ஓரத்துல பெயின்ட் தேங்கி ஒரு சின்ன வரப்பு மாதிரி மேடு வேற நிக்கும், விரல வச்சுத் தடவினாலே தெரியும். ஸ்வீடன் நாட்டு விகன் விமானத்தோட கோணக்கோணமான காமோவுக்கு அதுதான் சரி, ஸ்பிட்ஃபயருக்கு இல்ல. இன்னொரு பக்கம் மாஸ்க்கே இல்லாம வெறும் கையால ஏர்பிரஷ் பிடிச்சு ஓரம் வரையலாம், நல்லா கை பழகினவங்க 1/32ல அழகா செய்வாங்க, ஆனா சாதாரண 0.3 மில்லிமீட்டர் ஊசியில அரை மில்லிமீட்டர் ஓரத்த இறக்கை முழுக்க, முதுகு முழுக்க ஒரே சீரா கொண்டு வர்றது லேசுப்பட்ட காரியம் இல்ல. ஒரு இடத்துல நெருங்கிப் போயிருப்போம், அங்க ஓரம் கூரா இருக்கும், இன்னொரு இடத்துல கை தூக்கியிருக்கும், அங்க புகை மாதிரி இருக்கும், அந்த ஏத்தத்தாழ்வுதான் ஸ்கேல கெடுக்குது.

இது ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான் தூக்கி வைக்கிற மாஸ்க். மாஸ்க்க மாடல் மேல ஒட்டாம, அடியில ப்ளூ டேக் (சுவத்துல போஸ்டர் ஒட்டற, களிமண் மாதிரி பிசையற பசை) உருண்டை வச்சு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துல மிதக்க விடுறது, அவ்ளோதான் விஷயம். ஓட்டை போட்ட கோலத்தட்டு பாத்திருப்பீங்க, பொடியத் தூவினா தரையில டிசைன் விழும். தட்டு தரையோட ஒட்டி இருந்தா கோலத்தோட ஓரம் சுத்தமா இருக்கும், அதே தட்ட லேசா தூக்கிப் பிடிச்சுத் தூவினா பொடி ஓரத்துக்கு அடியில பரவி கோடு மங்கலாயிடும், இன்னும் தூக்கினா இன்னும் மங்கும். ஏர்பிரஷ்லயும் அதேதான் நடக்குது, கூடவே காத்தும் சேர்ந்துக்குது. ஏர்பிரஷ்ல இருந்து பெயின்ட் விரியற கூம்பு மாதிரி வருது, அந்தக் காத்து மாடல்ல மோதினதும் பக்கவாட்டுல ஓடும், ஓடும்போது ரொம்பப் பொடியான துளிகள மாஸ்க்குக்கு அடியில கொஞ்ச தூரம் இழுத்துட்டுப் போகும். ஓரத்துக்கு நேர் கீழ அடர்த்தியா, உள்ள போகப் போக மெலிஞ்சு, அப்புறம் ஒண்ணுமே இல்லாம. நமக்கு வேண்டிய கரைசல் அதுதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஓரத்தோட மென்மைய இப்ப உங்க கை முடிவு பண்றதில்ல, அந்த இடைவெளி முடிவு பண்ணுது. இடைவெளி எல்லா இடத்துலயும் ஒண்ணா இருந்தா ஓரமும் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கும். புதுசா கத்துக்கிறவங்களுக்கும் இது கைகொடுக்கிறதுக்கு காரணம் அதுதான். 1/72க்கு முக்கால் மில்லிமீட்டர், 1/48க்கு ஒண்ணுல இருந்து ஒன்றரை, 1/32க்கு ரெண்டு மில்லிமீட்டர், இப்படி ஆரம்பிச்சு ஒரு பழைய இறக்கையிலயோ பிளாஸ்டிக் ஸ்பூன்லயோ அடிச்சுப் பாத்து ஏத்தி இறக்கிக்கோங்க, ஏன்னா உங்க ஊசி, உங்க பெயின்ட், உங்க காத்து எல்லாம் சேர்ந்துதான் கடைசி அளவ தரும்.

உயரத்துக்கு அடுத்தபடியா முக்கியம் அடிக்கிற கோணம், இத யாரும் முதல்லயே சொல்லித் தர்றதில்லங்கிறது என் வருத்தம். ஏர்பிரஷ் மாடலுக்கு செங்குத்தா, நேர் மேல இருந்து அடிக்கணும். சாய்ச்சு, மாஸ்க்கோட இடைவெளிக்குள்ள நுழையற மாதிரி அடிச்சீங்கன்னா பெயின்ட் உள்ள வெகுதூரம் போயிடும், ஓரம் அகலமாவும் அழுக்காவும் வரும். மாறா மாஸ்க் பக்கத்துல இருந்து வெளிய பாத்த மாதிரி சாய்ச்சா மாஸ்க்கோட நிழல் விழற மாதிரி ஆகி, பெயின்ட் ஓரத்துக்கு வெளியதான் ஆரம்பிக்கும், அதாவது கோடே இடம் மாறிடும். ஒன்றரை மில்லிமீட்டர் உயர மாஸ்க்க 45 டிகிரி சாய்ச்சு அடிச்சா கோடு ஒன்றரை மில்லிமீட்டர் நகரும், 1/48ல அது நிஜத்துல 7 சென்டிமீட்டருக்கு மேல. இறக்கை தட்டையா இருக்கிறதால அங்க பிரச்சனை இல்ல, ஆனா உடம்பு உருண்டை, ஒரு பக்கம் நேரா இருக்கிற கோணம் அடுத்த சென்டிமீட்டர்லயே சாஞ்சிடும். அதனால உடம்பு அடிக்கும்போது ஏர்பிரஷ்ஷ ஒரே நிலையில வச்சுட்டு மாடல இன்னொரு கையால உருட்டிக்கிட்டே வாங்க, ஓரம் எப்பவும் நேரா உங்களப் பாத்துட்டே இருக்கட்டும்.

சரி, மாஸ்க் எப்படி செய்யறது. கிட்டோட இன்ஸ்ட்ரக்ஷன்ல காமோ படம் இருக்கும், பல கிட்டுல அது மாடல விடச் சின்னதா அச்சாகியிருக்கும். மார்க் 9 இறக்கையோட நுனிக்கு நுனி அகலம் நிஜத்துல 11.23 மீட்டர், 1/48ல 234 மில்லிமீட்டர். படத்துல அளந்து பாருங்க, அது 117 மில்லிமீட்டர்னா 200 சதவீதம் பெருசு பண்ணி ஜெராக்ஸ் எடுத்தா உங்க மாடல் அளவுக்கே வந்துடும். மேல பாத்த படம், இடது பக்கம், வலது பக்கம் எல்லாத்தையும் அதே அளவுல எடுத்துக்கோங்க. சாதா ஜெராக்ஸ் பேப்பர் பெயின்ட் பட்டதும் நனைஞ்சு தொய்ஞ்சு போகும், ஓரம் சுருண்டுடும், அதனால 160 ஜிஎஸ்எம் மாதிரி கொஞ்சம் தடிச்ச பேப்பர்ல எடுங்க, இல்லன்னா பின்னாடி ஒரு வரிசை மாஸ்கிங் டேப் ஒட்டி வெட்டுங்க. பிளேடு புதுசா இருக்கட்டும், பேப்பர் ஓரத்துல பிசிறு இருந்தா அந்தப் பிசிறும் மாடல்ல பதியும்.

தட்டைப் படத்துல வர்ற பட்டை உருண்டை உடம்புல அப்படியே உக்காராது. பக்கவாட்டுப் படம் முதுகுப் பக்கமும் வயித்துப் பக்கமும் சுருங்கித் தெரியும், ஏன்னா அங்க உடம்பு நம்மள விட்டு வளைஞ்சு போகுது. அதனால உடம்பு மாஸ்க்க ஒரே துண்டா வைக்காம ரெண்டு மூணு துண்டா வெட்டி, பேனல் கோடு (உடம்புத் தகடுங்க சேர்ற கோடு), காக்பிட் ஓரம், இறக்கை சேர்ற இடம் இதையெல்லாம் அடையாளமா வச்சு நகர்த்தி உக்கார வைங்க. இறக்கையும் உடம்பும் சேர்ற அந்த வழுக்கலான வளைவு, பீரங்கிக்கு மேல இருக்கிற புடைப்பு, இந்த ரெண்டு இடத்துலயும் பேப்பர் தானாவே எழும்பிடும், அங்க பேப்பர்ல ஒரு கீறல் போட்டு தளர்த்தி விடுங்க, இல்லன்னா அந்த இடத்துல மட்டும் இடைவெளி ரெட்டிப்பாகி ஓரம் திடீர்னு மங்கிடும். ஸ்பிட்ஃபயர் காமோவுல ஏ, பின்னு ரெண்டு பேட்டர்ன், ஒண்ணு இன்னொண்ணோட கண்ணாடி பிம்பம், நீங்க கட்டற விமானத்தோட போட்டோ கிடைச்சா வெட்டறதுக்கு முன்னாடியே எந்தப் பக்கம்னு பாத்துக்கோங்க.

அடுத்து ப்ளூ டேக். சின்னச் சின்ன உருண்டையா உருட்டி, மாஸ்க்கோட பின்பக்கம் ஒண்ணரை, ரெண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு ஒட்டிட்டு வாங்க. எல்லா உருண்டையும் ஒரே அளவா இருக்கணும், ஏன்னா உயரம் அதுலதான் இருக்கு. இன்னொரு விஷயம், உருண்டைய ஓரத்துலயே ஒட்டிடாதீங்க. ஓரத்துல இருந்து மூணு நாலு மில்லிமீட்டர் உள்ள தள்ளி இருக்கணும். ஓரத்துல இருந்தா அடியில வர்ற பெயின்ட்ட அது மறிச்சுடும், அந்த இடத்துல மட்டும் ஓரம் கூரா, உருண்டை வடிவத்துல ஒரு தடம் விழும், மாஸ்க்க எடுத்த பிறகு அத மறைக்கிறது கஷ்டம். ரொம்ப உள்ள தள்ளினாலும் பேப்பர் ஓரம் காத்துல படபடக்கும். வச்சு முடிச்சதும் மாடல கண்ணு மட்டத்துக்கு தூக்கி பக்கவாட்டுல இருந்து பாருங்க, மாடலுக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல வெளிச்சம் ஒரே சீரா தெரியணும். எங்க வெளிச்சம் அகலமா இருக்கோ அங்க விரலால லேசா அழுத்துங்க, எங்க வெளிச்சமே இல்லையோ அங்க தூக்கி விடுங்க. நான் இந்த சோதனைக்கு பெயின்ட் அடிக்கிறத விட அதிக நேரம் எடுத்துக்குவேன், அது வீணான நேரமே இல்ல.

வரிசை எப்பவும் வெளிர்ல இருந்து அடர்த்திக்கு. முதல்ல அடிப்பக்கத்துக்கு மீடியம் ஸீ க்ரே, காஞ்சதும் அத மறைச்சுட்டு மேல முழுக்க ஓஷன் க்ரே, அது நல்லா காஞ்ச பிறகு சாம்பலா இருக்க வேண்டிய இடத்துக்கு மட்டும் தூக்கின மாஸ்க் வச்சு டார்க் கிரீன். காய விடறதுல அவசரம் வேண்டாம், அரைகுறையா காஞ்ச பெயின்ட் மேல ப்ளூ டேக் வச்சா அதோட அச்சு பதிஞ்சுடும், நாள் கணக்குல அப்படியே விட்டா எண்ணெய்க் கறை மாதிரி ஒரு தடம் கூட விடும். மாஸ்க் வச்சீங்கன்னா அன்னைக்கே அடிச்சு அன்னைக்கே எடுத்துடுங்க.

பெயின்ட் மெலிசா இருக்கணும், காத்து கம்மியா இருக்கணும். டமியா அக்ரிலிக்னா ஒரு பங்கு பெயின்ட்டுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு பங்கு அவங்களோட எக்ஸ்-20ஏ தின்னர், பிரஷர் 12ல இருந்து 15 பிஎஸ்ஐ. காத்து அதிகமானா பக்கவாட்டு ஓட்டமும் அதிகமாகும், பெயின்ட் மாஸ்க்குக்கு அடியில தூரமா போகும், சில சமயம் மாஸ்க்கையே தூக்கிடும். அஞ்சுல இருந்து ஏழு சென்டிமீட்டர் தூரத்துல பிடிச்சு, முதல்ல மாஸ்க் மேலயே ஸ்ப்ரேய ஆரம்பிச்சு, ஓரத்தோட ஓடி, லேசா ஒரு கோட்டிங். அப்படியே ஓரம் முழுக்க சுத்தி வாங்க. கலர் உடனே மூடலன்னு ஒரே இடத்துல நிக்காதீங்க, அது காயட்டும், இன்னொரு சுத்து, இன்னொரு சுத்து. ஓரம் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் பட்டையோட நடுப்பகுதிய நிரப்பணும். நடுவுல இருந்து ஆரம்பிச்சு ஓரத்துக்கு வந்தா ஈரமான பெயின்ட்ட காத்து தள்ளிட்டே வந்து மாஸ்க்குக்கு அடியில ஒழுக விட்டுடும். பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி ஓடினா தின்னர் அதிகம் இல்லன்னா ரொம்ப நெருங்கிட்டீங்க, ஓரத்துல மணல் தூவின மாதிரி புள்ளி புள்ளியா இருந்தா பெயின்ட் வழியிலயே காஞ்சு போய் விழுது, கொஞ்சம் கிட்ட வாங்க இல்லன்னா கொஞ்சம் தின்னர் சேருங்க.

நம்ம ஊர் வெயில்ல இந்த ரெண்டாவது பிரச்சனை அதிகம் வரும், ஊசி நுனியிலயே அக்ரிலிக் காஞ்சு கட்டிக்கும், பெயின்ட் காயறத தாமதப்படுத்தற ரிடார்டர் ரெண்டு சொட்டு விட்டா சமாளிக்கலாம், அடிக்கடி நுனிய தின்னர் தொட்ட பட்ஸால துடைச்சுக்கோங்க. ப்ளூ டேக்கும் சூட்டுல இளகிடும், காலையில ஒன்றரை மில்லிமீட்டரா இருந்தது மத்தியானம் அழுந்தி அரையாகியிருக்கும், அதனால மாஸ்க் வேலைய காலையிலயே முடிக்கிறது நல்லது. மழைக்காலத்துல கம்ப்ரசர்ல தண்ணி சேரும், வாட்டர் ட்ராப் இல்லாம அடிச்சா நடுவுல ஒரு சொட்டு துப்பி மொத்த இறக்கையையும் கெடுத்துடும். லாக்கர் பெயின்ட் அடிக்கிறவங்க ஜன்னல திறந்து வச்சு, கேஸ் ஃபில்டர் போட்ட முகமூடியோட அடிங்க, சாதா துணி மாஸ்க் அந்த ஆவிய நிறுத்தாது.

பேப்பர் வெட்டப் பொறுமை இல்லாதவங்க ப்ளூ டேக்கையே நீளமா கயிறு மாதிரி மூணு நாலு மில்லிமீட்டர் தடிமனுக்கு உருட்டி கோட்டு மேல வளைச்சு வச்சு, மிச்ச இடத்த டேப்பால மூடிடுவாங்க. கயிறு உருண்டை இல்லையா, அதோட வயிறு மாடல தொடுற இடத்துக்கு வெளிய ஒரு சின்ன இடைவெளி தானா கிடைக்குது, அதுவும் தூக்கின மாஸ்க் மாதிரியேதான் வேலை செய்யுது. உருண்டை உடம்புக்கு பேப்பர விட இது சுலபம், வளைவுக்கு ஏத்த மாதிரி படியும். குறை என்னன்னா கயித்த எவ்ளோ அழுத்தினோம்ங்கிறத பொறுத்து ஓரம் மாறும், அதோட பேட்டர்ன் துல்லியமா வேணும்னா கண்ணு அளவுலதான் வைக்க வேண்டியிருக்கு. இறக்கைக்கு பேப்பர், உடம்புக்கு கயிறுன்னு கலந்து செய்யறதுதான் எனக்கு சரியா வருது, ஆனா ரெண்டோட ஓரமும் ஒரே அகலத்துல வருதான்னு ஸ்பூன்ல பாத்துட்டு செய்ங்க.

இந்த முறை எல்லாத்துக்கும் இல்லங்கிறதையும் சொல்லணும். 1943ல இருந்து 1944 நடுப்பகுதி வரைக்கும் வந்த ஜெர்மன் டாங்கிகள எடுத்துக்கோங்க, தொழிற்சாலையில இருந்து மஞ்சள் கலர்ல வரும், மேல பச்சையும் செம்பழுப்பும் களத்துல இருந்த ஆளுங்களே ஸ்ப்ரே கன்னால அடிச்சுக்குவாங்க, பெயின்ட் பசை மாதிரி டப்பாவுல வரும், தண்ணியோ பெட்ரோலோ கலந்துக்குவாங்க. அந்த ஓரம் ஒரே சீரா இருக்காது, இருக்கவும் கூடாது, அங்க வெறும் கையால அடிக்கிறதுதான் உண்மைக்கு பக்கம். ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தோட பக்கவாட்டுல இருக்கிற மேகம் மேகமான புள்ளிகளுக்கும் அப்படித்தான். ஓரம் ஒரே சீரா, குறுகலா, திட்டமிட்ட பேட்டர்ன்ல இருக்கிற இடத்துலதான் தூக்கின மாஸ்க்கோட பலம். அதனால பெயின்ட்ட திறக்கறதுக்கு முன்னாடி அந்தக் குறிப்பிட்ட விமானத்தோட பழைய போட்டோவ பெருசு பண்ணி ஓரத்த மட்டும் பாருங்க, மாடல் செஞ்சவங்க படத்த பாத்து செய்யாதீங்க.

மாஸ்க்க எடுத்ததும் சில இடத்துல பச்சை கொஞ்சம் அதிகமா கரைஞ்சிருக்கும், ஒண்ணு ரெண்டு புள்ளி தெறிச்சிருக்கும். அந்த இடத்துக்கு ஓஷன் க்ரேய இன்னும் மெலிசாக்கி, 10 பிஎஸ்ஐக்கு இறக்கி, நெருக்கமா பிடிச்சு ஓரத்த உள்ள தள்ளிட்டு வரலாம், இல்லன்னா அந்தத் துண்டு மாஸ்க்கோட எதிர்ப்பக்கத்த வெட்டி வச்சிருந்தீங்கன்னா அதையே தூக்கி வச்சு திருத்தலாம். இதுக்காகவே வெட்டும்போது ரெண்டு பக்கத்தையும் தூக்கிப் போடாம எடுத்து வைங்க. ஓரத்துல சொரசொரப்பு இருந்தா மாஸ்க் எடுத்து நல்லா காஞ்ச பிறகு 3000 நம்பர் சாண்டிங் ஸ்பாஞ்ச்ச தண்ணியில நனைச்சு ரெண்டு தடவ லேசா ஓட்டினா போயிடும். அப்புறம் டெகாலுக்கு (தண்ணியில நனைச்சு ஒட்டற சின்னங்கள்) முன்னாடி பளபளப்பான க்ளாஸ் கோட்டிங், டெகால் காஞ்சதும் பளபளப்பில்லாத ஃப்ளாட் கோட்டிங், ஃப்ளாட் போட்டதும் ரெண்டு கலருக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் கொஞ்சம் குறைஞ்சு ஓரம் இன்னும் மெலிசா தெரியும், அதனால க்ளாஸ் போட்ட நிலையில ஓரம் துளி கூரா பட்டா அப்பவே திருத்தப் போகாம ஃப்ளாட் காயற வரைக்கும் விட்டுப் பாருங்க.